சேக்கரா, ஷாஹீனா, ஜிர்ரா? வல்லூறு பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

அபுதாபிப் பக்கம் பாலைவனத்தை ஒட்டிய ஒரு பண்ணையில் பதினாறு வருடமாக வேட்டை வல்லூறுகளைப் பார்த்துக்கொள்கிறேன். தீனி போடுவது, எடை பார்ப்பது, எச்சம் அள்ளுவது எல்லாம் நான்தான். ஊர் ராமநாதபுரம். சேக்கர், ஷாஹீன் எனப்படும் பெரிக்ரின், ஜிர் என்ற மூன்று வல்லூறு இனங்களில் எது எதற்கு லாயக்கு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உலகத்திலேயே வேகமான பறவை பெரிக்ரின்தான் என்கிறார்கள். அப்புறம் ஏன் அரபிகள் சேக்கரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? (கோவில்பட்டி, கல்லூரி மாணவர்)

தம்பி, அந்த வேகம் மேலிருந்து கீழே பாயும்போது மட்டும் கிடைப்பது. பெரிக்ரின் உயரத்தில் ஏறி நின்று, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதித்தவரோடு சேர்ந்து பாய்ந்த ஒரு பழக்கிய பறவைக்கு 389 கிலோமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. ஆனால் அப்படிப் பாய வேண்டுமென்றால் இரை வானத்தில் இருக்க வேண்டும். புறா, வாத்து, கௌதாரி என்று பறக்கிற இரைக்குப் பெரிக்ரினை மிஞ்ச ஆளில்லை. இங்கே அதற்கு ஷாஹீன் என்று பெயர்.

அரபிகளின் இரை வேறு. அவர்களுக்கு வேட்டை என்றாலே ஹுபாரா. நம் கானமயிலின் சின்ன உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் நிறத்தில் புதரடியில் பதுங்கும், ஓடும், வேறு வழியில்லாதபோதுதான் பறக்கும். பறந்தாலும் தாழ்வாகப் பறந்து, திடீரென்று திரும்பி, சமயத்தில் பின்னால் வருகிற வல்லூறின் மேல் பசை மாதிரி எச்சத்தைப் பீய்ச்சிவிடும். இறக்கை ஒட்டிக்கொண்டால் வல்லூறு அன்றைக்கு அவ்வளவுதான். இந்த மாதிரி இரையை விடாமல் துரத்த வேண்டும், தரையிலும் கட்டிப்புரள வேண்டும். சேக்கர் மத்திய ஆசியப் புல்வெளியில் தரை அணிலும் எலியும் பிடித்துத் தின்று வளர்கிற பறவை. தரையில் மல்லுக்கட்டுவது அதற்குப் பிறவிப் பழக்கம். ஷாஹீன் முதல் பாய்ச்சலில் தவறவிட்டால் பெரும்பாலும் மறுபடி மேலே ஏறப் பார்க்கும். சேக்கர் வாலைப் பிடித்தபடியே போகும். இங்கே சேக்கருக்கு 'ஹுர்' என்று பெயர். சுதந்திரமானது, உயர்குடி என்று பொருள். முயல், இங்கே கரவான் என்று சொல்கிற கண்கிலேடிப் பறவை இரண்டையும் அது பிடிக்கும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்து பதூவினர் என்கிற பாலைவன நாடோடிகள் இலையுதிர் காலத்தில் வலசை வருகிற வல்லூறை வலைவைத்துப் பிடித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழக்கி, குளிர்காலம் முழுக்க வேட்டையாடிவிட்டு வெயில் ஏறும்போது திறந்துவிடுவார்கள். அது வீட்டுச் சட்டிக்குக் கறி வருகிற வழி, வேடிக்கைக்குச் செய்தது இல்லை. அவ்வளவு சீக்கிரம் பழகி, தூசியும் வெயிலும் தாங்கி, கிடைத்ததைத் தின்று நிற்கிற பறவை என்றால் சேக்கர்தான். என் ஓட்டும் அதற்கே. பக்கத்துக் கொட்டகைப் பாகிஸ்தானி அண்ணன் ஷாஹீன் கட்சி. எங்கள் சண்டை இன்னும் தீரவில்லை.

ஜிர் ஃபால்கன்தான் எல்லாவற்றிலும் பெரியது. காசு இருந்தால் அதையே வாங்கிவிடலாமே? (துபாய்)

வாங்கலாம். அதோடு அதற்கு ஒரு ஏசி அறையும், கூப்பிட்டால் ஓடிவருகிற டாக்டரும் வேண்டும்.

ஜிர் வடதுருவத்தை ஒட்டிய பறவை. பெண் பறவை 1.2 கிலோவிலிருந்து 2 கிலோ வரை நிற்கும். பெண் சேக்கர் ஒரு கிலோவுக்கு மேலே கொஞ்சம், பெண் பெரிக்ரின் ஒரு கிலோ முன்னேபின்னே. நேர்கோட்டில் இறக்கையடித்துத் துரத்துவதில் ஜிர்ருக்கு இருக்கிற பலம் மற்றதுக்கு இல்லை. வெள்ளை நிறத்தில் பிறந்துவிட்டால் விலையைக் கேட்கவே வேண்டாம். 2021ல் சவூதியில் மல்ஹம் ஏலத்தில் ஒரு வெள்ளை ஜிர் 17.5 லட்சம் ரியாலுக்குப் போனது.

ஆனால் பனிக்காற்றில் வளர்ந்த நுரையீரலுக்கு இந்தப் புழுக்கமும் தூசியும் ஆகாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை காற்றுப்பைக்குள் புகுந்து வளர்ந்துவிடும். எல்லா வல்லூறுக்கும் வருவதுதான், ஜிர்ருக்குச் சட்டென்று வரும். முதலில் குரல் மாறும், பிறகு கொஞ்சம் பறந்தாலே மூச்சிரைக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பறவை கையை விட்டுப் போய்விடும். இதனால்தான் இங்கே கலப்பினத்துக்கு இவ்வளவு மவுசு. ஜிர்ரையும் சேக்கரையும் சேர்த்தால் உடம்பும் வேகமும் ஒன்றிலிருந்து, தாக்குப்பிடிக்கிற குணம் இன்னொன்றிலிருந்து கிடைக்கும். ஜிர்ரையும் பெரிக்ரினையும் சேர்த்தும் செய்கிறார்கள். பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டல். ஐரோப்பியப் பண்ணைகள் இதற்கென்றே இயங்குகின்றன. ஒரு வில்லங்கம் உண்டு. இந்தக் கலப்புகளும் குஞ்சு பொரிக்கும். தப்பித்துப்போய்க் காட்டுச் சேக்கரோடு சேர்ந்தால் அந்த இனத்தின் சுத்தம் போய்விடும்.

பந்தயத்துக்கு எது நல்லது? (தோஹா, டிரைவர்)

ஜிர், இல்லையென்றால் ஜிர் கலப்பு. பந்தயம் 400 மீட்டர் நேர் ஓட்டம். ஒரு முனையில் பறவையின் கண்ணை மூடியிருக்கிற தொப்பியைக் கழற்றுவார்கள், மறுமுனையில் ஒருவர் தில்வா சுழற்றுவார். தில்வா என்றால் கயிற்றில் கட்டிய இறகுக்கட்டு. நல்ல பறவை 20 வினாடிக்குள் வந்து அதைப் பிடித்துவிடும். உயரமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, அதனால் பெரிக்ரினின் வித்தைக்கு அங்கே வேலை கிடையாது.

ஆண் பறவையா பெண் பறவையா? (சிங்கப்பூர்)

பெண். வல்லூறில் ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சின்னது. ஹுபாராவைப் பிடித்து நிறுத்தப் பாரம் வேண்டும். சின்ன இரைக்குச் சுறுசுறுப்பான ஆண் போதும், ஐரோப்பாவில் கௌதாரி வேட்டைக்கு ஆண் பெரிக்ரினை விரும்பி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அண்ணா, அது நாய் மாதிரி நம்மிடம் பாசமாக இருக்குமா? (திருச்சி)

இருக்காதும்மா. அது திரும்பி வருவது பசியாலும் பழக்கத்தாலும். எங்கள் வேலையே தராசில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பறக்கும் எடை உண்டு. அதற்குக் கீழே போனால் சோர்ந்துவிடும், மேலே போனால் நம்மை மதிக்காது.

நான் வந்த மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் சேக்கர், பறக்கும் எடை 960 கிராம். முந்தின நாள் சாயங்காலம் அதற்கு ஒரு முழுக் காடை போட்டுவிட்டு நோட்டில் எழுத மறந்துவிட்டேன். காலையில் தராசு 1,005 காட்டியது. பேட்டரி போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். தொப்பியை அவிழ்த்ததும் அது தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது, சுற்றிப் பார்த்தது, நிதானமாக எச்சமிட்டது, பிறகு கிளம்பியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல தில்வாவைச் சுற்றுகிறேன், அது மேலே வட்டம் போட்டுக்கொண்டே போய்ப் புள்ளியாகிவிட்டது. வாலில் டிரான்ஸ்மிட்டர் இருந்ததால் பிழைத்தோம். மறுநாள் சாயங்காலம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஒட்டகப் பண்ணைத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தது. பசி வந்திருந்ததால் கூப்பிட்டதும் கைக்கு வந்தது. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒரு நோட்டு வாங்கிக் கையில் கொடுத்தார்.

இறகு ஒடிந்தால் அந்தப் பருவமே போச்சா? (ஷார்ஜா)

இல்லை, ஒட்டுப்போடலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இறகு உதிரும் காலத்தில் விழுகிற ஒவ்வொரு இறகையும் எண் போட்டு எடுத்துவைப்போம். வாலில் 12, ஒவ்வொரு இறக்கையிலும் பெரிய இறகு 10. வலது இறக்கையின் மூன்றாவது ஒடிந்தால் அதே இனத்தின் வலது மூன்றாவதுதான் வேண்டும். ஷாஹீன் இறகைச் சேக்கருக்கு வைத்தால் நீளமும் வளைவும் பொருந்தாது. ஒடிந்த இடத்துக்குக் கீழே தண்டைச் சீராக வெட்டினால் உள்ளே குழலாக இருக்கும். மூங்கில் சிம்பைச் சீவி ஒரு பாதியைப் புது இறகுக்குள்ளும் மறு பாதியைப் பழைய தண்டுக்குள்ளும் பசை தொட்டுச் செருக வேண்டும். இப்போது கார்பன் ஃபைபர் குச்சியும் வந்துவிட்டது. கோணம் ஒரு நூல் அளவு தப்பினாலும் இறக்கை மூடாது. அதனால் பசை காய்வதற்குள் இறக்கையை இரண்டு முறை விரித்து மடக்கிப் பார்ப்போம்.

லண்டனில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். வல்லூறு தருவார்கள் என்று பார்த்தால் ஹாரிஸ் ஹாக்கைத் தந்தார்கள். ஏமாற்றிப்போட்டார்களோ அண்ணை?

இல்லை தம்பி, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஹாரிஸ் அமெரிக்கக் கண்டத்துப் பறவை, கூட்டமாக வேட்டையாடும். அதனால் மனிதரோடு சேர்ந்து வேலைசெய்ய எளிதில் பழகும், கற்றுக்குட்டியின் தப்பையும் பொறுத்துக்கொள்ளும். விம்பிள்டன் மைதானத்தில் புறா விரட்டுகிற ரூஃபஸும் ஹாரிஸ்தான். அது வல்லூறு இல்லை, பருந்து வகை. வல்லூறுக்கு இறக்கை நீண்டு கூர்மையாக இருக்கும், மேல் அலகில் பல் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அதை வைத்துத்தான் இரையின் கழுத்தெலும்பை முறிக்கும். பருந்து வகை கால் நகத்தால் கொல்லும். மரபணுவைப் பார்த்தால் வல்லூறுக்குப் பருந்தைவிடக் கிளிதான் நெருங்கிய சொந்தம்.

தமிழில் எதை எப்படிச் சொல்வது? வல்லூறு, வைரி, ராஜாளி எல்லாம் ஒன்றா? (மதுரை, ஆசிரியர்)

ஊருக்கு ஊர் குழப்பம்தான் ஐயா. ஷிக்ரா என்கிற சின்னப் பருந்து வகையைச் சிலர் வைரி என்பார்கள், சிலர் வல்லூறு என்பார்கள். பெரிக்ரினுக்குப் பொரி வல்லூறு என்று பறவை நோக்குபவர்கள் எழுதுகிறார்கள். ராஜாளியைக் கழுகுக்கும் சொல்கிறோம், வல்லூறுக்கும் சொல்கிறோம். அரக்கோணம் கடற்படை விமானதளத்துக்கும் அதே பெயர். நான் இங்கே மூன்று இனத்துக்கும் பொதுவாக வல்லூறு என்றே எழுதுகிறேன்.

இந்தியாவில் ஒன்று வளர்க்க லைசென்ஸ் எங்கே கிடைக்கும்? (சேலம்)

கிடைக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு வல்லூறைப் பிடிப்பது, வளர்ப்பது, அதைவைத்து வேட்டையாடுவது எல்லாமே குற்றம். பாவ்நகர் மாதிரி சமஸ்தானங்களில் ஒரு காலத்தில் இது கொடிகட்டிப் பறந்தது. நம் நாட்டு லக்கர் வல்லூறு, சிவந்த தலையுடைய துருமுதி இரண்டையும் பழக்கினார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டது. பார்க்க ஆசையென்றால் இலங்கையில் சிகிரியாவுக்குப் போங்கள், அந்தப் பாறையில் நம் பக்கத்துக் கறுத்த ஷாஹீன் கூடுகட்டுகிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வருகிற பெரிக்ரின் நம் ஊர்க் கோபுரத்திலும் செல்போன் டவரிலும்கூட உட்காரும்.

இவ்வளவு பேர் வளர்த்தால் காட்டில் மிஞ்சுமா? (சென்னை)

நியாயமான கேள்வி. சேக்கர் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். வலைவைத்துப் பிடித்ததும் ஒரு காரணம், மங்கோலியாவில் மின்கம்பியில் ஷாக் அடித்துச் சாவது இன்னொன்று. அபுதாபி பணம் போட்டு மங்கோலியாவில் 5,000 செயற்கைக் கூடுகள் வைத்தார்கள், அவற்றில் சேக்கர் குஞ்சு பொரிக்கிறது. எமிரேட்ஸில் 2002லிருந்து வல்லூறுக்கு பாஸ்போர்ட் உண்டு, காலில் வளையமும் உடம்பில் சிப்பும் இருக்கும். காட்டில் பிடித்ததைக் கடத்துவது அதனால் கஷ்டமாகிவிட்டது. இன்று நான் கையாளுகிறவை எல்லாமே பண்ணையில் பொரித்தவை. பெரிக்ரின் கதை இன்னும் நல்லது. டிடிடி என்ற பூச்சி மருந்தால் முட்டை ஓடு மெலிந்து அமெரிக்காவில் அழியப் பார்த்தபோது, வல்லூறு வளர்ப்பவர்களின் கைப்பக்குவத்தை வைத்துத்தான் டாம் கேட் போன்ற பறவை ஆராய்ச்சியாளர்கள் 1970களில் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டில் விட்டார்கள். 1999ல் அங்கே ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்த வேலைக்கு நம் ஆட்கள் வரலாமா? (புதுக்கோட்டை)

பழக்குகிற வேலைக்கு, நான் பார்த்தவரை, அரபிகளும் பாகிஸ்தானிகளும்தான். உதவியாளாக வரலாம். செத்த காடையின் நாற்றம் பிடிக்காவிட்டால் வராதீர்கள்.

மொட்டை மாடியில் ஒரு வல்லூறு அடிபட்டுக் கிடக்கிறது, என்ன கொடுப்பது? (நாகர்கோவில், இரண்டு நாளுக்கு முன் கேட்டது)

ஒன்றும் கொடுக்காதீர்கள் அக்கா. பால், சோறு, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம். கனமான துண்டை மேலே போட்டு, காலோடு சேர்த்துப் பிடியுங்கள், நகம்தான் ஆபத்து. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டான இடத்தில் விட்டால் அதன் படபடப்பு அடங்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாஞ்சா நூல் சுற்றியிருந்தால் இழுத்து எடுக்காதீர்கள், சதையோடு வந்துவிடும். தொங்குகிற நூலை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை டாக்டரிடம் விடுங்கள்.