பழைய ரஷ்ய வெள்ளிக் கரண்டி, கிண்ணம் போன்றவற்றைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

சோவியத் காலத்துத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஜார் காலத்து எனாமல் கிண்ணங்கள் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் ஃபேபர்ஜே, ஓவ்சின்னிக்கோவ், ஹ்லெப்னிக்கோவ் போன்ற புகழ்பெற்ற பட்டறைகளின் பெயர் பொறித்தவை எட்டாத விலை. போலிகள் அதிகம் புழங்குவதும் அந்தப் பெயர்களில்தான். கண் பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ரஷ்யாவில் படித்த நாட்களில் ஒரு பழம்பொருள் சந்தையில் என் முதல் கரண்டியை வாங்கினேன். "ஜார் காலத்தது" என்று சொல்லித்தான் விற்றார்கள். விடுதிக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், காம்பின் பின்புறம் ஒரு நட்சத்திரம், அதற்குள் அரிவாள் சுத்தியல், பக்கத்தில் 875. அது 1958இல் வந்த முத்திரை. ஜார் ஆட்சி போய் 40 ஆண்டு ஆகியிருந்தது! வெள்ளி அசல்தான், வயதில்தான் ஏமாந்தேன். இரண்டு நாள் மனசே சரியில்லை. அதன்பிறகு முத்திரை பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.

முத்திரை படிப்பது கஷ்டமில்லை. ஜார் காலத்தில் வெள்ளியின் தரத்தை ஸொலொத்னிக் என்ற பழைய ரஷ்ய அளவில் சொல்வார்கள், தூய வெள்ளி என்றால் 96 ஸொலொத்னிக். புழக்கத்தில் அதிகம் இருந்தது 84. 84ஐ 96ஆல் வகுத்தால் 0.875 வரும். சோவியத் காலத்தில் இதையே ஆயிரத்துக்கு 875 என்று பொறித்தார்கள். அதாவது 84 என்பதும் 875 என்பதும் ஒரே தரம். எண் மாறியதுதான் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1899 முதல் 84க்குப் பக்கத்தில் கொகோஷ்னிக் என்ற தலையணியோடு ஒரு பெண்ணின் தலை இருக்கும். 1908 வரை இடப்பக்கம் பார்ப்பாள், அதன்பிறகு வலப்பக்கம். 1927இல் அந்த இடத்துக்குச் சுத்தியலோடு ஒரு தொழிலாளி வந்துவிட்டார். அச்சு வைத்து அடித்த முத்திரையின் ஓரம் கூராக இருக்கும். வார்ப்பில் நகலெடுத்தது சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் மழுங்கித் தெரியும்.

எனக்கு உயிர், செர்ன் என்ற கறுப்பு வேலைப்பாடுள்ள கரண்டிகள். வடக்கே வெலிக்கி உஸ்த்யுக் நகரம் இதற்குப் பேர்போனது. வெள்ளியில் உளியால் கோடு வெட்டி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிப் பொடித்த கருங்கலவையை அதில் நிரப்பிச் சூளையில் வைப்பார்கள். ஆறியதும் மேலே வழிந்ததை அராவி எடுத்தால் கோட்டுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். என்னிடம் உள்ள ஒன்றில் காம்பு முழுக்கக் கொடி ஓடுகிறது, இலை நரம்புகூட முடியளவுதான். விரலால் தடவினால் வெள்ளி எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பென்சில் கரிபோல மெல்லிய பளபளப்பு இருக்கும். வெறும் கறுப்புப் பூச்சில் அது வராது.

அப்புறம், ரயிலில் தேநீர்க் கண்ணாடிக் குவளையைத் தாங்கும் பொத்ஸ்தகான்னிக். ஸ்புட்னிக், ராக்கெட், மூன்று குதிரை வண்டி என்று அழகழகான வடிவங்கள். அதை வெள்ளி என்று நினைத்து வாங்காதீர்கள். ரஷ்யாவின் கொல்ச்சுகினோ ஆலையில் செய்தவற்றில் பெரும்பாலானவை செம்பு சேர்ந்த கலப்பு உலோகம்தான், சிலவற்றில் வெள்ளி முலாம் இருக்கும். 875 போன்ற வெள்ளி முத்திரை இருந்தால் மட்டுமே வெள்ளி விலை கொடுங்கள். அழகுக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம், நானும் நான்கு வைத்திருக்கிறேன்.

ரஷ்யாவுக்கே போய் வாங்குவதானால் ஒன்று: நூறு வயது தாண்டியதை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது.

வாங்கியதை உரைகல்லில் உரசாதீர்கள், வெள்ளி கழுவும் திரவத்திலும் முக்காதீர்கள். செர்ன் வெளிறும், தங்கமுலாம் போகும். மிருதுவான பருத்தித் துணி போதும். எனாமல் இருந்தால் கொதிநீரும் ஆகாது, கீழே விழவும் கூடாது.

எதையாவது பார்த்து வைத்திருந்தால், முத்திரையை மட்டும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.