வெறும் பேச்சில் குடி நிற்குமா?

"கணவர் பத்து வருடமாகக் குடிக்கிறார். கவுன்சிலிங் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். வெறும் பேச்சில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. நான் குடிநோயாளி. குடிக்காமல் இது ஆறாவது வருடம். இதே கேள்வியை என் மனைவி என்னை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டாள்.

முதலில் ஒன்று. காலையில் கை நடுங்குகிற நிலைக்கு வந்துவிட்டவரை வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு வாரம் பத்து நாள் டாக்டர் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். பேச்சுக்கு வேலை அதற்கு அப்புறம்.

முதல் தடவை நான் அந்த ஒரு வாரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு தேறியது. பதினைந்தாம் நாள் கடை வாசலில் நின்றேன். இரண்டாம் தடவை கவுன்சிலர் மேடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கடைசியாகக் குடித்த நாட்களில் குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். கவலையும் கடனும்தான் என்னைக் குடிக்க வைத்தன என்று நம்பியிருந்தேன். எழுதிப் பார்த்தால் ஷிப்ட் முடிந்த பசி, கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப், சம்பள நாள், இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வந்தது. பஸ் ஏறும் இடத்தை மாற்றினேன். ஷிப்ட் முடிந்ததும் வயிறாரச் சாப்பிட்டேன். சம்பளம் மனைவி கைக்குப் போனது. நண்பன் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்றார் மேடம். "இன்னைக்கு வேணாம் மச்சி" என்றேன். "அப்ப நாளைக்கா?" என்று கேட்டார். "விட்டுட்டேன்டா" என்று வாயில் வர நாலு வாரம் பிடித்தது.

அமெரிக்காவில் 1990களில் 'பிராஜெக்ட் மேட்ச்' என்று 1,726 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. எனக்குச் செய்தது போன்ற பயிற்சி, விட வேண்டும் என்ற எண்ணத்தைக் குடிப்பவருக்குள்ளேயே வளர்ப்பது, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசிக்கொள்ளும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களின் வழிக்குக் கொண்டுபோவது என மூன்று முறைகள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். அதனால் எந்த முறை உசத்தி என்று அலையாதீர்கள். விடாமல் போய்வர முடிகிற தூரமா என்று பாருங்கள். கோவாவில் டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நாலு தடவை பேசிப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கடைசி 14 நாளும் தொடாதவர்கள் 42 சதவீதம். இந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 18தான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் என்னைப் போல முற்றியவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் மாதம் மாமனார் சாவு வீட்டில் நான் மறுபடி குடித்தேன். மேடம் திட்டவில்லை, "நோட்டை எடுங்க" என்றார். உங்கள் கணவருக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், எல்லாம் போச்சு என்று நினைக்காமல் மறுநாளே கூட்டிப்போங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் இல்லை. நான் சிகிச்சைக்குச் சம்மதிப்பதற்கு எட்டு மாதம் முன்பே என் மனைவி போக ஆரம்பித்துவிட்டாள்.