உயில், காணிக்கை, பேரப்பிள்ளைங்க: கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் மொரிஷியஸ்ல ரோஸ்ஹில்லுல இருக்கேன், நோட்டேர் ஆபீஸ்ல, அதாவது உயில், பத்திரம் எழுதிப் பதியற சட்ட அதிகாரி ஆபீஸ்ல, 31 வருஷம் கிளார்க்கா இருந்தேன், கிறிஸ்தவக் கோயில் கணக்கும் எழுதியிருக்கேன். நமக்கப்புறம் பிள்ளைங்ககிட்ட விசுவாசமும் கொடுக்கிற மனசும் எப்படி நிக்கும்னு நிறைய பேர் கேட்டீங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். வேதசாஸ்திரம் சாமியார்கிட்ட கேளுங்க. கேட்டவங்களுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பேரைத்தான் போட்டிருக்கேன்.

காத்ர் போர்ன் அக்கா: எனக்கு மூணு பிள்ளைங்க, ஒருத்தரும் கோயில் பக்கம் வர்றதில்ல. வீட்டை அப்படியே கோயிலுக்கு எழுதிடட்டுமா?

முடியாதுக்கா. மொரிஷியஸ்ல இருக்கறது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன சிவில் சட்டம், பிள்ளைங்களுக்குன்னு ஒரு பங்கை அது ஒதுக்கி வச்சிருக்கு, அதுல நீங்க கை வைக்க முடியாது. ஒரு பிள்ளைன்னா பாதி உங்க இஷ்டம், ரெண்டுன்னா மூணுல ஒரு பங்கு, மூணும் அதுக்கு மேலயும்னா கால் பங்குதான். உயிரோட இருக்கும்போது தானமா கொடுத்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பாங்க, அதனால இப்பவே கொடுத்துட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, பிள்ளைங்க கேஸ் போட்டா கோயில்தான் திருப்பிக் கொடுக்கணும்.

சட்டத்தை விடுங்க, மாற்கு 7 எடுத்துப் பாருங்க. அப்பா அம்மாவுக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கைன்னு சொல்லிட்டுக் கழண்டுக்கறவனை ஆண்டவர் என்ன பேசுறார்னு. அங்க மகன் பெத்தவங்களை ஏமாத்துறான், நீங்க கோவத்துல பிள்ளைங்களை தண்டிக்கப் பார்க்கறீங்க. கோவத்துல எழுதுன உயில் நிறைய பார்த்திருக்கேன்க்கா, அந்தக் குடும்பத்துல ஒருத்தரும் அப்புறம் கோயில் வாசப்படி மிதிக்கல. கால் பங்கை எழுதுங்க, ஏன்னு பிள்ளைங்களை உக்கார வச்சு முன்னாடியே சொல்லிடுங்க.

வக்கோவா அண்ணன்: கையால எழுதுன உயில் செல்லுமா?

செல்லும், முழுக்க உங்க கையெழுத்தா இருக்கணும், தேதி போட்டு கையெழுத்துப் போடணும். ஒரு பெரியவர் பேரனை வச்சு கம்ப்யூட்டர்ல அடிச்சு, கீழே நீல மையில அழகா கையெழுத்துப் போட்டுக் கவர்ல ஒட்டி வச்சிருந்தார். அவர் போனப்புறம் கவரைப் பிரிச்சது நான்தான். அனாதைப் பிள்ளைங்களுக்குன்னு எழுதியிருந்தார், ஒரு காசு போகல. எனக்கு இன்னும் மனசு ஆறல.

பெயர் வேண்டாம்: சம்பளத்துல பத்துல ஒண்ணு காணிக்கை கொடுக்கறதை, பிடித்தத்துக்கு முன்னாடி கணக்குப் பண்ணணுமா, பின்னாடியா?

சாமியார்கிட்ட.

போ பாசேன் தம்பி: அப்பா நினைவா கோயிலுக்கு பெஞ்சு வாங்கித் தர்றோம். பேர் பதிக்கலாமா?

வேணாம் தம்பி. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாது, மத்தேயு 6.

அதே தம்பி: பெத்தானியாவுல தைலம் ஊத்துன அம்மா செஞ்சதை உலகம் பூரா சொல்லுவாங்கன்னு ஆண்டவரே சொன்னாரே?

சொன்னார், மாற்கு 14. அந்த அதிகாரத்துல அந்தம்மா பேர் எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்.

க்யூர்பிப் அண்ணன்: யோவான் 12-ல மரியாள்னு இருக்கே!

பிடிச்சுட்டீங்கண்ணே. ஆனா அது யோவான் எழுதுனது, மரியாள் ஆள் வச்சு வெட்டிக்கிட்ட கல் இல்ல. நாம செஞ்சதை அடுத்தவன் சொன்னா சாட்சி, நாமளே சொன்னா போர்டு.

ஒரு மருமக: எங்க மாமா பேர் போட்ட பெஞ்சுல உக்கார்றப்பதான் என் பையன் "தாத்தா எப்படி இருப்பார்"னு கேக்கறான். அதுல என்ன தப்பு?

அது நியாயம்மா, எனக்குப் பதில் இல்ல. தம்பி, பெஞ்சுக்கு அடியில எழுதிடு, செருப்பு தேடிக் குனியற பிள்ளைங்க படிக்கட்டும்.

(இதைப் பத்தி இன்னும் 14 பேர் எழுதியிருக்கீங்க. பெஞ்சை விடுங்க.)

சேன்ட் குருவா ஆன்ட்டி: வீடும் இல்ல, பேங்க்ல பணமும் இல்ல. நான் என்னத்த விட்டுட்டுப் போக?

உங்க தெருவுலயே பதில் படுத்திருக்கே ஆன்ட்டி! லவால் சாமியார் கல்லறை அங்கதானே. அவர் பிரான்ஸ்ல டாக்டரா இருந்தவர், 1841-ல இங்க வந்து இறங்கினார். அடிமைத்தனம் 1835-லயே ஒழிஞ்சாச்சு, ஆனா விடுதலையானவங்களை ஒருத்தரும் மதிக்கல. அவர் அவங்க பேசற கிரியோல் பாஷையைக் கத்துக்கிட்டார், அவங்கள்லயே உபதேசியாருங்களை உண்டாக்கினார். 1864 செப்டம்பர் 9 இறந்தார். சொத்தும் இல்ல, பிள்ளையும் இல்ல, ஆனா வருஷா வருஷம் செப்டம்பர் 8 ராத்திரி தீவு பூரா அவர் கல்லறைக்கு நடந்து வருது, இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து.

அவ்வளவு பெருசா வேணாம்னா எங்கம்மா கதை. அம்மா பாளையங்கோட்டைப் பக்கம், கல்யாணமாகி இங்க வந்தவங்க. தினமும் உலையில அரிசி போடறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்துப் பழைய பால் டின்னுல போடுவாங்க, பிடி அரிசின்னு பேரு. மாசக் கடைசியில டின்னோட பக்கத்துத் தெரு விதவைப் பாட்டிக்குப் போகும். சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் இல்ல, டின்னுல அரிசி விழற சத்தம் ஞாபகம் இருக்கு. இப்ப என் பேத்தி போடறா, பிடி சின்னதுன்னு ரெண்டு தடவை போடறா.

பம்ப்ளமூஸ் அக்கா: படுத்த படுக்கையா இருக்கற மாமியாருக்கு தினமும் வந்து ஜெபம் பண்ற ஊழியக்காரருக்கு எழுதி வைக்கணும்னு சொல்றாங்க.

நிறுத்துங்க! சாவு நோவுல கூட இருந்து ஜெபம் பண்றவருக்கும், வைத்தியம் பார்க்கற டாக்டருக்கும் அந்த நோவுக் காலத்துல எழுதிக் கொடுக்கறது பொதுவா செல்லாதுன்னு சட்டமே சொல்லுது. நல்ல ஊழியக்காரர்னா அவரே வேணாம்பார். நாளைக்கே நோட்டேரைப் பாருங்க.

பெயர் வேண்டாம்: பிடித்தத்துக்கு முன்னாடியா பின்னா...

மூணாவது ஆள். மேல போய்ப் படிங்க, நான் சோறு வடிக்கணும்.