புகை அடுப்புக்குச் சிமெண்ட் கலவை போதுமா?

கொல்லையில் செங்கல்லால் ஒரு புகை அடுப்பு கட்டி கோழியும் மீனும் புகையில் வாட்டி எடுக்க ஆசை, கொத்தனார் மொத்தத்தையும் சிமெண்ட் கலவையிலேயே கட்டிவிடலாம் என்கிறார், சரிதானா என்று கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வெளிச்சுவருக்குச் சரி. விறகு எரிகிற அறைக்கு வேண்டாம். சிமெண்ட் இறுகும்போது தனக்குள் பிடித்துக்கொண்ட தண்ணீரைச் சூடு பிடுங்கிவிடும், 400 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கலவை பொடிந்து உதிரத் தொடங்கும். உள்வரிசைக்கு ஃபயர் பிரிக், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் செங்கல், வாங்குங்கள், உங்கள் ஊரில் உலோகம் உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, அதற்குச் சாமான் விற்கிற கடையில் விசாரித்தால் கிடைக்கும். ஃபயர் கிளே என்கிற சூடு தாங்கும் களிமண்ணைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, கல்லை அதில் முக்கி ஒட்ட வேண்டும். இணைப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கொத்தனார்கள் பழக்க தோஷத்தில் அரை அங்குலம் அப்பிவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். உள்சுவரையும் வெளிச்சுவரையும் ஒன்றோடொன்று பிணைக்காமல் நடுவில் அரை அங்குலம் விட்டுவிடுங்கள். வாசலுக்கு மேல் வைக்கிற இரும்பு ஆங்கிளின் இரு முனையிலும் இடைவெளி வேண்டும், ஏனென்றால் 60 சென்டிமீட்டர் இரும்பு 300 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீளும், செங்கல் அந்த அளவுக்கு நீளாது, அப்புறம் விரிசல்தான்.

விறகு அறை பக்கவாட்டில், புகை அறையை விட ஓர் அடி தாழ்வாக இருக்கட்டும். புகைபோக்கி விறகு அறைக்கு எதிர்க்கோடியில். இறைச்சிக்கு நேர் மேலே வைத்தால் அதில் படிகிற தார் சொட்டும். காற்றை விறகு அறைக் கதவில் மட்டும் கட்டுப்படுத்துங்கள். புகைபோக்கியை அடைத்தால் புகை தேங்கி இறைச்சி கசக்கும். இறைச்சி வைக்கிற தட்டு மட்டத்தில் 110 முதல் 120 டிகிரி நின்றால் போதும், கோழியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். சூடில்லாத புகையில் மீன் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், நம் வெயிலில் நடக்காது.

விறகுக்கு மா, கொய்யா நல்லது. வேம்பு கசக்கும், அரளி விஷம். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, பிளைவுட் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கட்டி முடித்த அன்றே கோழியை ஏற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் காயவிட்டு, அடுத்த நான்கைந்து நாள் சுள்ளியில் சின்னத் தீயாக மூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஈரக் கல்லில் பெருந்தீ போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு கல் வெடிக்கும்.