தூண்டிலில் சிக்கிய மீனைத் திரும்ப விடுவது ஏன்?

பொறுப்பான தூண்டில் மீன்பிடிப்பு என்றால், தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை உயிரோடு நீரில் விடுவது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டிலோ அடையாற்று முகத்துவாரத்திலோ உள்ளங்கை அளவுக் கொடுவா மீன் சிக்கினால், அது ஒருமுறைகூட இனம் பெருக்காத குஞ்சு. அதைக் கூடையில் போடுவது விதைநெல்லைச் சமைத்துத் தின்பது போன்றது. கொடுவாவில் ஒரு விந்தையும் உண்டு: பெரும்பாலானவை ஆணாக முதிர்ந்து, பிறகே பெண்ணாக மாறுகின்றன. ஆகவே மிகப் பெரியதையும் விட்டுவிடுங்கள் என்பேன். முட்டை சுமப்பது அதுதான். பிடித்ததும் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனைக் காக்கும் வழவழப்புப் படலம் உரிந்துவிடும். மீன் தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல், முள் கட்டிய தங்கூசி நரம்பை (நைலான் இழையை) வாயருகே வெட்டுங்கள். "முள் குத்திய மீன் எப்படியும் செத்துவிடும்" என்பது தவறு. உதட்டில் மட்டும் குத்துப்பட்டு, உடனே நீருக்குத் திரும்பிய மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது.