கை ஆறும்வரை வருமானத்துக்கு என்ன செய்வது?

கேள்வி: நான் தையல் தொழில் செய்கிறேன். வயது 38. கண்ணாடி உடைந்து வலது உள்ளங்கையில் ஆழமாக வெட்டிவிட்டது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோய், ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. தையல் பிரித்துவிட்டார்கள், கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் மட்டும் இருக்கிறது. வலி அநேகமாக இல்லை. ஆனால் வருமானம் நின்றுவிட்டது, சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. மிஷின் மோட்டாரில்தான் ஓடுகிறது. இடது கையால் துணியைத் தள்ளி எளிய தையலாவது போடலாமா? இல்லையென்றால் வேறு என்ன வேலை செய்யலாம்? நடுவிரல் நுனி மரத்துப்போய் இருக்கிறது, அது சரியாகுமா?

பதில்: மிஷினை இப்போது தொடாதீர்கள். இடது கையால் தைக்க முடியுமா என்பதல்ல என் கவலை, வலது கை சும்மா இருக்குமா என்பதுதான். வருடக்கணக்கில் பழகிய கை அது. துணி கொஞ்சம் வழுக்கினாலும், நூல் சிக்கினாலும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அது போய்ப் பிடித்துவிடும். ஸ்பிளிண்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். விரல்கள் பின்பக்கமாக நிமிர்ந்துவிடாமல் அது தடுக்கும். உள்பக்கம் மடக்கி இறுக்கிப் பிடிப்பதை அவ்வளவாகத் தடுக்காது. இணைத்த இடம் அறுந்துபோக அப்படி ஒரு நொடி இறுக்கிப் பிடித்தாலே போதும்.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும், வலியும் அதோடு இறங்கிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தன் வேகத்தில்தான் ஆறும். பொதுவாக ஆறு வாரம் வரை ஸ்பிளிண்ட். அதன் பிறகு கனமில்லாத சின்னச் சின்ன வேலைகள். எட்டு வாரத்துக்கு மேல் மெல்ல வலுவேற்றும் பயிற்சி. அழுத்திப் பிடித்துச் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 12 வாரம். உங்கள் கையை உள்ளே பார்த்தவர் உங்கள் சர்ஜன், அதனால் தேதியை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்து, இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்து நிற்பவர்களைக் கை மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். இரண்டாவது முறை செய்யும்போது முதல் முறை அளவுக்கு நல்ல பலன் கிடைப்பது கடினம்.

அதற்காகக் கையை ஆடாமல் அசையாமல் வைத்திருப்பதும் தப்பு. விரல் அசையாவிட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விரல் பாதிதான் மடங்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, அவர் சொன்ன எண்ணிக்கையில், அவர் சொன்ன இடைவெளியில் செய்யுங்கள். குறைக்கவும் வேண்டாம், ஆர்வத்தில் கூட்டவும் வேண்டாம். ரப்பர் பந்தை வாங்கிப் பிசையச் சொல்லி யாராவது நிச்சயம் ஆலோசனை தருவார்கள். இந்தக் கட்டத்தில் அந்தப் பந்து உங்களுக்கு எதிரி. தோளையும் முழங்கையையும் மறந்துவிடாதீர்கள். நாள் முழுக்கக் கையை மடித்துத் தொங்கவிட்டிருந்தால் தோள் இறுகிப்போகும். ஸ்பிளிண்டோடேயே கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், தினமும் பல முறை.

சரி, வருமானத்துக்கு வருவோம். கை போனால் எல்லாம் போயிற்று என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தையலில் கை செய்வது ஒரு பங்குதான். ஆளைப் பார்த்ததும் எந்தத் துணி எப்படி விழும் என்று சொல்வது, எங்கே பிடித்து எங்கே விட வேண்டும் என்று தெரிந்திருப்பது, கழுத்து ஏன் தூக்குகிறது என்று போட்டுப் பார்க்கும்போதே கண்டுபிடிப்பது, இதெல்லாம் ஸ்பிளிண்டுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை.

அதனால் என் முதல் யோசனை, உங்களிடம் வரும் ஆர்டர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கையான இன்னொரு தையல்காரரிடம் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள். அளவு எடுக்கும்போது ஒருவர் டேப்பைப் பிடிக்கட்டும், எங்கே பிடிப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். தைத்து வந்ததைச் சரிபார்த்துக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. இதில் கிடைப்பது வழக்கமான வருமானத்தில் ஒரு பகுதிதான். ஆனால் வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகாமல் இருப்பார்கள், மூன்று மாதம் கழித்து அதன் மதிப்பு தெரியும். துணி கொடுப்பவரிடம் வேறொருவர் தைக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, கற்றுக்கொடுப்பது. இரண்டு மூன்று பேருக்கு அளவு எடுப்பதும் வெட்டுவதும் சொல்லித்தரலாம். ஒரு நிபந்தனை, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தலையணை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் பாடம் நடத்த வேண்டும். ‘இப்படி இல்லை, கொடு, நான் காட்டுகிறேன்’ என்று கத்தரிக்குக் கை நீளும் பாருங்கள், அங்கேதான் வினை. கத்தரியை உங்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கையோடு செய்துகாட்ட முடியாத ஆசிரியர் இன்னும் தெளிவாகப் பேசக் கற்றுக்கொள்வார் என்பது என் எண்ணம், மாணவருக்கும் அது லாபம்.

வீடியோ எடுத்துப் போடலாமே என்று பலரும் சொல்வார்கள். போடுங்கள், பொழுது நன்றாகப் போகும். ஆனால் இந்த மூன்று மாதச் செலவுக்கு அதை நம்பாதீர்கள், பணம் வருவதற்கு வெகுகாலம் ஆகும், வராமலும் போகலாம். போனை ஸ்டாண்டில் வையுங்கள், ஸ்பிளிண்ட் போட்ட கையில் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று வரும் விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு காரணம். இடது கை ஒன்றையே நாள் முழுக்க அடித்தால் அதுவும் வீங்கி வலிக்கத் தொடங்கும், பிறகு சாப்பிடக்கூட ஆள் வேண்டும். இன்னொன்று, வேலை தருவதற்கு முன்பே டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்பவர்கள் வேலை தருபவர்களே அல்ல. பேசிச் செய்யும் வேலை கிடைத்தால் அது நல்லது, இயர்போன் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது மாதிரி. கணக்கும் ஆர்டரும் எழுத வேண்டியிருந்தால் கூகுள் கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே பேசுங்கள், அது எழுதிக்கொள்ளும். அதே கீபோர்டில் ஒரு கைக்கான அமைப்பும் உண்டு, எழுத்துகளை இடது ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிடலாம். எந்த வேலையானாலும் அரை மணிக்கு ஒரு முறை இடது கைக்கு ஓய்வு கொடுங்கள்.

காப்பீடு மூலமாகவோ வேறு வழியிலோ வேலை செய்ய முடியாத காலத்துக்கு உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால், மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் அதன் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் சம்பாதித்தால் தொகை நிற்கக்கூடும். இது மருத்துவம் இல்லைதான், ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது.

விரல் நுனி மரத்திருப்பது, தசைநாணோடு விரலுக்குப் போகும் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. அதையும் இணைத்தார்களா என்று சர்ஜனிடம் கேளுங்கள். இணைத்திருந்தால் நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளரும். உள்ளங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை எவ்வளவு தூரம் என்று நீங்களே டேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாதங்கள் ஆகும் என்பது புரியும். முழுதாகப் பழைய மாதிரி ஆகாமலும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் பயன்படும் அளவுக்கு உணர்வு திரும்பும். இடையில் ஊர்வது போலவும் ஷாக் அடிப்பது போலவும் இருந்தால், நரம்பு வளர்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம், பயப்பட வேண்டாம். உணர்வு வரும்வரை அயர்ன் பாக்ஸ் பக்கம் அந்த விரல் போகக் கூடாது. சுட்டது தெரியாமலேயே கொப்புளம் வந்துவிடும்.

விரல் திடீரென்று மடங்காமல் போனால், உள்ளே ஏதோ ‘டப்’ என்று விட்டது போல உணர்ந்தால், அன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள். வலி இல்லாவிட்டாலும் பாருங்கள். வீக்கமும் சிவப்பும் கூடினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. இராத்தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை நின்றுபோனவர்களுக்கு அடிக்கடி நேர்வதுதான் இது.

ஆறாவது வாரம் ஸ்பிளிண்டைக் கழற்றப் போகும்போது உங்கள் கத்தரி, ஒரு துண்டுத் துணி, ஊசி நூல் எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பட்டன் போட்டுக் கழற்றுவது, ஊசி பிடிப்பது, மெல்லிய துணி, அப்புறம் மிஷின், கடைசியில் தடித்த துணியும் கத்தரியும் என்று எதை எந்த வாரம் தொடங்கலாம் என அவரே வரிசை போட்டுக்கொடுப்பார். கத்தரியின் பிடிக்கு மெத்தென்று ஏதாவது சுற்றலாமா, கொஞ்சநாள் எடை குறைந்த கத்தரிக்கு மாறலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.