மார்க்கரைக் கீழே வையுங்கள், தம்பி

தம்பி, ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் டிசைன் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கட்டுப்படியாகுமா, குளிருக்கு என்ன எடுத்துவர வேண்டும், மாணவர்கள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத்தில் குடும்பம் ஓடும். கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். பாண்டி பஜார் ஸ்வெட்டர் இந்த ஊரில் பனியனோடு சேர்த்தி. மூன்றாவது கேள்விக்குத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பதில் இருக்கிறது.

நான் வந்தது 2008-இல். சென்னையில் ஆறு வருஷம் பாடம் எடுத்த தெம்பு. முதல் மாதமே ஒரு மாணவி அட்டையில் செய்த ஸ்டூல் மாடலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கால்கள் அளவுக்கு மீறி வெளியே சரிந்திருந்தன. நம்மூர் வழக்கப்படி மார்க்கரை எடுத்து மாடலின் மேலேயே கோடு போட்டு, "இங்கே வெட்டு" என்றேன். அவள் முறைக்கக்கூட இல்லை. மாடலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் மெயில்: "அது என் மாடல். அடுத்த முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்." கீழே நன்றி வேறு. சார், மோர் எதுவும் கிடையாது, வெறும் பெயர்தான். அன்று ராத்திரி தூக்கமில்லை. கோபம் பாதி, வெட்கம் பாதி.

ஆகவே கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "ஏன் இந்தக் கோணம்?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வராது. அந்த மௌனத்தை நாம் பேசி நிரப்பிவிடுவோம். நிரப்பி நிரப்பியே நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். 1953-இல் வந்த கில்தா தட்டு, கிண்ணங்களை வடிவமைத்த காய் ஃப்ராங்க் ஆசிரியராகவும் இருந்தவர். பொருளின் மேல் வடிவமைப்பாளரின் பெயரே வேண்டாம் என்று வாதாடியவர். அப்படிப்பட்டவர் பாடம் சொன்ன ஊரில் நான் மார்க்கரால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

அப்புறம் ஒப்பந்தம். எத்தனை வருஷத்துக்கு என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமாகத்தான் கொடுத்தார்கள். வேலை நீடித்தால்தான் இங்கே தங்கும் அனுமதியும் நீளும். அந்தக் காலத்தில் புதுப்பிக்கப் போலீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஒருமுறை போனில், "போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறேன்" என்று சொல்லி அம்மாவை அழவைத்தேன். 2017-இலிருந்து அது குடிவரவுத் துறையின் வேலை.

அதே 2017-இல்தான் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஆங்கில வழியில் பட்டம் படிக்க வருபவர்களுக்குக் கட்டணமும் வந்தது. முன்பு ஆர்வத்தால் வந்தார்கள். இப்போது வங்கிக் கடனோடு வரும் நம் பிள்ளைகள், நாற்காலியைப் பற்றிக் கேட்கும் முன் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வகுப்பு மாறித்தான் போய்விட்டது.

"இங்கிலீஷே போதும் சார்" என்று நம்மவர்கள் சிலர் சொல்வார்கள். பத்து வருஷமாக இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'மொய்' (நம் ஹலோ மாதிரி) என்பதற்கு மேல் பேசத் தெரியாதவர்கள் அவர்கள். நீங்கள் ஃபின்னிஷ் படியுங்கள். நமக்கு அது எளிது என்றே சொல்வேன். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். குறில், நெடில், ஒற்று தெரிந்த நமக்கு இது ஒரு பாடமா? தாலோ வீடு, தாலோஸ்ஸா வீட்டில். வேற்றுமை மட்டும் பதினைந்து. நம் எட்டோடு ஏழைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பணியாளர் கூட்டத்தில் முதன்முதலாக ஃபின்னிஷில் ஆட்சேபம் சொன்ன அன்றைக்குத்தான் என்னைச் சமமாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆட்சேபத்தையும் யாரும் ஏற்கவில்லை, அது வேறு விஷயம்.

துவரம்பருப்பைச் சுமந்துவர வேண்டாம், ஹகனியெமி கடைகளில் கிடைக்கும். சாம்பார் பொடி மட்டும் வீட்டில் அரைத்ததாகக் கொண்டுவாருங்கள். கடைப் பொடியோடு நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.